குற்றாலநாதருக்கு நான்கு பருவம்

"விரல் சரியாகட்டும் குற்றாலநாதா, நாலு பருவத்துக்கும் அவளை உன் வாசலுக்கு அனுப்புறேன்." அம்மா இப்படி வேண்டிக்கொண்டது எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

மதுரையில் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறோம். துணியை நுனிவிரலால் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்கி, சாயத்தில் முக்கிப் பிரித்தால் ஒரு முடிச்சு ஒரு புள்ளியாக விரியும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் போட வேண்டும். போன வருஷம் வலது கட்டைவிரல் மடங்கவே மறுத்துவிட்டது. வைத்தியம் பார்த்து, பங்குனியில் விரல் திரும்பியது. ஆனால் மனசு திரும்பவில்லை. துணியை விரித்தால் எங்கே புள்ளி வைப்பது என்றே தோன்றாது. அம்மாவுக்கு முட்டிவலி, பஸ் ஏற முடியாது. நேர்த்திக்கடனைத் தீர்க்க நான் மட்டும் கிளம்பினேன்.

சித்திரையில் பேரருவி மெலிந்து கிடந்தது. தண்ணீர் குறைந்ததால் பாறையில் செதுக்கிய சிவலிங்கங்கள் வெயிலில் அப்படியே தெரிந்தன. சங்கு வடிவக் கோயிலுக்குள் நின்று நிதானமாகத் தரிசனம். ஸ்தல விருட்சமான குறும்பலாவையும் கும்பிட்டேன். சம்பந்தப் பெருமான் கோயிலுக்கு ஒரு பதிகமும் இந்தப் பலாவுக்குத் தனியே ஒரு பதிகமும் பாடியிருக்கிறார். மரத்தையும் சுவாமியாகப் பார்த்த கண் அது. என் கண்ணோ காய்ந்துதான் கிடந்தது.

அடுத்தது ஆடி. சீசன் கூட்டத்தை நினைத்தால் இப்போதும் மூச்சு முட்டுகிறது. தென்காசியிலிருந்து அஞ்சு கிலோமீட்டர்தான், அதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இறங்கியதும் எண்ணெய் மசாஜுக்கு ஒருவர் கையைப் பிடித்து இழுக்கிறார், ரூமுக்கு ஒருவர் பையைப் பிடிக்கிறார். சுவாமி கும்பிட வந்தவர்களைக் கொஞ்சம் விட்டுவிடக் கூடாதா? அருவியடியில் தலை காட்டுவதற்குள் நாலு பேர் முழங்கை என் மேல் பட்டது. ஈரச் சேலையோடு, அழுகை தொண்டையில் நிற்க, சித்திர சபைக்கு நடந்தேன்.

அங்கே குருக்களைத் தவிர யாருமே இல்லை. நடராஜர் ஆடும் பஞ்ச சபைகளில் இதுவும் ஒன்று. மற்ற நான்கிலும் சிலையாக ஆடுகிற அப்பன், இங்கே சுவரில் வண்ணமாகவே நிற்கிறான். தீபத்தைக் காட்டியபோது தூக்கிய திருவடி மட்டும் முதலில் தெரிந்தது, அப்புறம் திருக்கரம், அப்புறம் திருமுகம். சாயத்திலேயே பிழைக்கிறவள் நான். சாயத்திலும் வந்து குடியிருக்கிறேன் என்று எனக்காகவே சொல்வது போல இருந்தது. கும்பிட்ட கையைக் கீழே இறக்கத் தோன்றவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ, அம்மா சொல்லி அனுப்பிய பிரார்த்தனையில் பாதி மறந்தே போனது.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் வெயில் எட்டிப் பார்த்ததில் கல் காய்ந்திருந்தது. மலைப்பக்கமிருந்து சாரல் இறங்கியது. கல்லில் ஒரு புள்ளி. தள்ளி இன்னொன்று. பக்கத்தில் மூன்று நெருக்கமாக, பிறகு ஒரு சாண் இடம் வெறுமையாக. கல் முழுக்க நனைந்து புள்ளிகள் கலப்பதற்குள் பார்த்துக்கொண்டேன். பாட்டி காலத்திலிருந்து நாங்கள் வரிசை பிடித்துத்தான் கட்டுவோம். குற்றாலநாதர் வரிசை இல்லாமல் கட்டிக் காட்டினார். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் பேனாவால் குத்திக் குத்தி வைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் வெள்ளம், குளிக்கத் தடை. செம்மண் நிறத்தில் அருவி விழுந்ததைத் தூரத்தில் நின்று பார்த்துத் திரும்பினேன். நிறம் மட்டும் மனசோடு வந்தது. அந்தக் காவி கலந்த சிவப்பில்தான் சேலையை முக்கினோம்.

மார்கழித் திருவாதிரைக்கு அந்தச் சேலையைக் குழல்வாய்மொழி அம்மனுக்குக் கொண்டுபோனேன். கடுங்குளிர், ஐயப்ப பக்தர்களின் சரணகோஷம், சித்திர சபையில் தாண்டவ தீபாராதனை. என்ன பார்த்தேன் என்று வரிசையாகச் சொல்ல வரவில்லை. அப்பனே, விரலையும் கொடுத்தாய், கண்ணையும் கொடுத்தாய். கேட்டது ஒன்றுதான், கொடுத்தது எத்தனை!

சுவாமிக்குச் சாத்திய தைலத்தை வீட்டுக்கு வந்து அம்மாவின் முட்டியில் தடவினேன். அம்மா என் கையைப் பிடித்துக் கட்டைவிரலை ஒருமுறை மடக்கிப் பார்த்தாள்.

"சித்திரைக்கு நானும் வாரேன்டி. மெதுவா ஏத்தி விடு" என்றாள்.