வாஷரை எடுத்தீங்களா தம்பி?

ஒரு மாசமாவே சைக்கிள் மிதிக்கறப்போ ஒரு சுத்துக்கு ஒரு தடவ "டொக்"னு சத்தம். பெடலா இருக்கும்னு கழட்டி மரைக்கு கிரீஸ் வெச்சேன், சீட் போஸ்ட்டையும் விடல, ஒண்ணும் ஆகல. கடைசியா பெடல் மாட்டியிருக்கற கை, அதான் கிராங்க், ரெண்டையும் ரெண்டு கையால புடிச்சு பக்கவாட்டுல ஆட்டிப் பாத்தேன். ஒண்ணு மட்டும் ஆடினா அந்த கிராங்க் லூஸு, ரெண்டும் சேந்து ஆடினா உள்ள பிபி (பாட்டம் பிராக்கெட், ரெண்டு கிராங்கையும் சேக்கற ஆக்சில் சுத்தற பாகம்) பேரிங் போச்சுன்னு அர்த்தம். எனக்கு சேந்தே ஆடிச்சு.

பிபி மாத்தணும்னா முதல்ல கிராங்கைக் கழட்டணும். அப்பாவோட பழைய சைக்கிள்ல கிராங்கைப் புடிச்சிருக்கறது காட்டர் பின்ங்கற ஆப்புதான், நட்டை நுனி வரைக்கும் லூஸ் பண்ணிட்டு சுத்தியால நாலு போடு போட்டா வந்துரும். என் கியர் சைக்கிள்ல அந்தப் பாச்சா பலிக்காது. சதுர ஆக்சில், நுனி லேசா கூம்பா இருக்கும், அலுமினிய கிராங்க் அதுமேல இறுகி உக்காந்திருக்கும், போல்ட்டை எடுத்தாலும் அசையாது. அதுக்கு கிராங்க் புல்லர் வேணும், ஆன்லைன்ல வாங்கினேன். வெளி மரை 22 மி.மீ., அது கிராங்க்ல ஏறும், நடுவுல ஒரு போல்ட் ஆக்சிலைத் தள்ளும், கிராங்க் வெளிய வரும், அவ்ளோதான்.

வலது பக்கம் முதல்ல. செயினை பெரிய பல்சக்கரத்துக்கு மாத்திக்கோங்க, ஸ்பேனர் வழுக்கினா கை நேரா பல்லுலதான் போய் விழும். 14 மி.மீ. சாக்கெட் போட்டு போல்ட் எடுத்தேன், புல்லரை கையாலயே கடைசி வரைக்கும் ஏத்திட்டு நடு போல்ட்டை முறுக்கினேன், "டக்"னு வந்துருச்சு. பெரிய மெக்கானிக் ஆயிட்ட நெனப்பு.

இடது பக்கம் புல்லர் ரெண்டு சுத்துதான் ஏறுச்சு. ஏன்னு யோசிக்காம முறுக்க ஆரம்பிச்சேன், கொஞ்ச நேரத்துல மரை பக்கத்துல வெள்ளி நிறத்துல தூள். அலுமினியம்! வயித்தக் கலக்கிருச்சு. அப்படியே நிறுத்திட்டு தெரிஞ்ச சைக்கிள் கடை அண்ணனுக்கு போன் போட்டா, அவர் கேட்ட முதல் கேள்வியே, "வாஷரை எடுத்தீங்களா தம்பி?"

டார்ச் அடிச்சுப் பாத்தா, போல்ட்டுக்கு அடியில இருக்கற வாஷர் அழுக்கு கிரீஸ்ல ஒட்டிக்கிட்டு உள்ளயே இருக்கு. வாஷர் கிராங்க் மேலதான் உக்காந்திருக்கும், புல்லர் ஆக்சிலுக்குப் பதிலா அதைத் தள்ளினா கிராங்க் தன்னைத்தானே இழுத்துக்குது, அப்புறம் எப்படி வரும், மரைதான் பிய்யும். இது போதாதுன்னு வலது பக்கம் கழட்டினப்போ நீட்டிக்கிட்டு வந்த புல்லரோட நடு போல்ட்டை பின்னால திருப்பி விடவும் மறந்துட்டேன், அதான் ரெண்டு சுத்துக்கு மேல ஏறல.

வாஷரை ஒரு காந்தத்தை விட்டு இழுத்தேன். பழைய டூத் பிரஷ்ல மண்ணெண்ணெய் தொட்டு மரையை நல்லா தேச்சேன், முன்னாடி ரெண்டு மரைதான் போயிருந்துச்சு, உள்ள இருக்கறதெல்லாம் நல்லா இருந்துச்சு. புல்லரை நேரா, மெதுவா முழுசா ஏத்தினேன். வந்துருச்சு.

பிபி மாத்தறப்போ வலது பக்கம் தலைகீழ் மரைங்கறதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, என் சைக்கிள்ல அப்படித்தான். திரும்ப மாட்டறப்போ கிராங்க் போல்ட்டுக்கு 40 நியூட்டன் மீட்டர் குடுத்தேன், முறுக்கற அளவைக் காட்டற டார்க் ரெஞ்ச் எங்கிட்ட கிடையாது, 20 செ.மீ. கைப்பிடி நுனியில 20 கிலோ பாரம் வர மாதிரி அழுத்தினா கணக்கு சரியா வரும். ரெண்டு நாள் ஓட்டிட்டு மறுபடி டைட் பண்ணிப் பாத்தேன், இடது பக்கம் கால் சுத்து ஏறுச்சு. "டொக்" சத்தம் போச்சு, இப்ப மட்கார்டுதான் கடகடங்குது.