செட் முழுக்க ஒரே ‘எஸ்’ போதுமா? கிளப் வாரியாக ஷாஃப்ட் ஃப்ளெக்ஸ்

டிரைவரில் ‘எஸ்’, ஹைபிரிடில் ‘எஸ்’, அயர்னில் ‘எஸ்’. கிளப்பின் தண்டான ஷாஃப்டில் அச்சிட்ட இந்த எழுத்து ஃப்ளெக்ஸை, அதாவது தண்டு எவ்வளவு விறைப்பானது என்பதைச் சொல்கிறது. எழுத்து ஒன்றாக இருந்தால் விறைப்பும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பிப் பலர் கோல்ஃப் செட் சேர்க்கிறார்கள். அப்படி இருப்பதில்லை. எல் (லேடீஸ்), ஏ (சீனியர்), ஆர் (ரெகுலர்), எஸ் (ஸ்டிஃப்), எக்ஸ் (எக்ஸ்ட்ரா ஸ்டிஃப்) என்று இளக்கத்திலிருந்து விறைப்புக்குப் போகும் வரிசைக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் ஷாஃப்டைத் தானே அளந்து, தானே எழுத்தை அச்சடிக்கிறது. ஒருவரின் ஆர் இன்னொருவரின் எஸ்ஸைவிட விறைப்பாக இருப்பது சகஜம். ஜப்பான் சந்தைக்காகச் செய்த செட்டுகளில் ஆருக்கும் எஸ்ஸுக்கும் நடுவே ‘எஸ்ஆர்’ என்று ஒரு படி உண்டு. அங்கத்திய எஸ் பெரும்பாலும் அமெரிக்க எஸ்ஸைவிட இளக்கமாகவே இருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் முதலில் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

எழுத்தைவிட நம்பத்தக்கது அதிர்வெண். கிளப்பின் கிரிப் முனையில் 5 இன்ச்சை இடுக்கியில் இறுக்கி, தலையை இழுத்து விட்டால் நிமிடத்துக்கு எத்தனை முறை ஆடுகிறது என்று மீட்டர் காட்டும். இதைத்தான் சிபிஎம் என்கிறார்கள். 45 இன்ச் டிரைவரில் ரெகுலர் ஏறக்குறைய 240 முதல் 250, ஸ்டிஃப் 250 முதல் 260. ஒரு ஃப்ளெக்ஸுக்கும் அடுத்ததற்கும் 10 சிபிஎம் என்பது கிளப் கட்டுபவர்களின் வழக்கக் கணக்கு. ஆனால் ஸ்டீல் ஷாஃப்ட் போட்ட 5 அயர்னில் ரெகுலரே 300-ஐ ஒட்டி நிற்கும். பள்ளிக்கூடத்தில் மேஜை ஓரத்தில் ஸ்கேலை அழுத்திப் பிடித்து மீட்டியிருப்பீர்கள்: நீட்டிவிட்டால் மெதுவாக ஆடும், உள்ளே இழுத்தால் விர்ரென்று அதிரும். கிளப்பிலும் அதே கதைதான், கூடவே தலையின் எடையும் சேர்கிறது. நீளமான கிளப்பிலிருந்து குட்டைக்குப் போனால், டிரைவர் தலை சுமார் 200 கிராம், 3 வுட் 210-215, ஹைபிரிட் 230-240, 7 அயர்ன் 270, சாண்ட் வெட்ஜ் 300. நீளம் குறைந்தால் விறைப்பு கூடும், தலை கனத்தால் இளகும். இரண்டும் கழித்துக் கூட்டி, அயர்ன் செட்டில் ஒவ்வொரு கிளப்பும் அரை இன்ச் குறையும்போது சுமார் 4 சிபிஎம் ஏறிக்கொண்டே போகும்.

இந்த ஏற்றம் சீராக இருக்கிறதா என்பதே கேள்வி. 6 அயர்னிலிருந்து 7-க்கு 2, 7-லிருந்து 8-க்கு 9 என்று ஏறினால் 8 அயர்ன் மட்டும் கையில் மரக்கட்டையாக நிற்கும். ஆடுகிறவர் காரணம் புரியாமல் தன் ஸ்விங்கை மாற்றத் தொடங்குவார்.

வேகத்துக்கு வருவோம். டிரைவர் தலையின் வேகம் மணிக்கு 75 மைலுக்குக் கீழே என்றால் எல், 75-85 ஏ, 85-95 ஆர், 95-105 எஸ், அதற்கு மேல் எக்ஸ் என்ற அட்டவணை எல்லாக் கடையிலும் தொங்குகிறது. தொடங்கும் இடமாக அது சரி, அதோடு நின்றுவிடக் கூடாது. ரேடார் அளவீட்டுக் கம்பெனியான டிராக்மேன் முன்பு வெளியிட்ட தொழில்முறை டூர் சராசரிகளைப் பாருங்கள்: பிஜிஏ டூர் ஆண்களுக்கு டிரைவர் 113, 7 அயர்ன் 90. எல்பிஜிஏ பெண்களுக்கு டிரைவர் 94, 7 அயர்ன் 76. இரண்டிலும் 7 அயர்ன் வேகம் டிரைவர் வேகத்தில் சுமார் 80 சதவீதம். வார இறுதியில் ஆடுகிறவர்களிடம் இந்த விகிதம் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. டிரைவரில் பயந்து கையைக் கட்டிக்கொண்டு 91 மைல் வீசும் ஒருவர், 7 அயர்னில் தாராளமாக 78 வீசுவார். அது 86 சதவீதம். அவருக்கு டிரைவர் ரெகுலர், அயர்ன் ஸ்டிஃப் என்று அமைவதில் எந்தத் தவறும் இல்லை. டிரைவரை வைத்து அயர்னை ஊகிக்காமல், இரண்டையும் தனித்தனியே அளந்துவிட்டு நடுவில் இருப்பவற்றை அந்த இரண்டுக்கும் இடையே பொருத்துவதுதான் சரியான வழி.

வேகத்துக்குச் சமமாகப் பார்க்க வேண்டியது, மேலே போன கிளப் கீழே திரும்பும் அந்த நொடி. ஷாஃப்ட் அதிகம் வளைவது அங்கேதான். ஒரே 93 மைலில் நிதானமாகத் திருப்புகிறவருக்கு ரெகுலர் போதும். வெடுக்கென்று இழுக்கிறவருக்கு அதே ஷாஃப்ட் கயிறு மாதிரி தோன்றும். அவருக்கு அரைப் படி விறைப்பு கூட்ட வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் எடையை முடிவு செய்துவிடுங்கள். எடை சரியில்லாத ஷாஃப்டில் ஃப்ளெக்ஸ் எதுவானாலும் நேரம் தவறும். பையில் கிளப் குட்டையாகக் குட்டையாக ஷாஃப்ட் கனத்துக்கொண்டே போக வேண்டும்: டிரைவர் 55-65 கிராம் என்றால் 3 வுட் அதைவிட 10 கிராம் கூட, ஹைபிரிட் 75-90, அயர்ன் 95-லிருந்து 130 வரை. ஸ்டீலில் என்எஸ் ப்ரோ 950ஜிஎச் என்ற மாடல் நூறு கிராமுக்குச் சற்றுக் கீழே, டைனமிக் கோல்டு எஸ்300 சுமார் 130 கிராம். இடையே ஒன்று: டைனமிக் கோல்டின் எஸ்200, எஸ்300, எஸ்400 என்ற எண்கள் விறைப்பின் அளவு அல்ல, எடைப் பிரிவு. மூன்றும் ஸ்டிஃப்தான், ஒன்றுக்கொன்று ஓரிரு கிராம் வித்தியாசம். ப்ராஜெக்ட் எக்ஸ் என்ற மாடலின் 5.5, 6.0, 6.5 என்ற எண்கள்தான் விறைப்பைச் சொல்கின்றன. அதில் 6.0 ஸ்டிஃப்.

டிரைவரும் 3 வுட்டும்

பந்தைத் தொடும் கணத்தில் ஷாஃப்ட் முன்பக்கம் வளைந்து தலையின் லாஃப்டை, அதாவது பந்தைத் தொடும் முகத்தின் சாய்வை, கொஞ்சம் கூட்டுகிறது. அதிகம் இளகிய ஷாஃப்டில் வலக்கைக்காரரின் பந்து உயர எழுந்து இடப்பக்கம் போகும். அதிக விறைப்பில் தாழ்ந்து வலப்பக்கம் போகும், தொடுகை கரடாக இருக்கும். ஆனால் வலப்பக்கம் போகிற பந்துக்கெல்லாம் ஷாஃப்டைக் குற்றம் சொல்லாதீர்கள். முகம் திறந்திருப்பது, பிடி தளர்வது, முகத்தின் ஹீல் (ஷாஃப்ட் சேரும்) பக்கம் படுவது ஆகிய மூன்றையும் விலக்கிய பிறகு ஃப்ளெக்ஸ் பக்கம் வரலாம். முகத்தில் ஃபுட் பவுடர் (பாதத்துக்கான பவுடர்) ஸ்பிரே அடித்து நாலு பந்து அடித்தால் எங்கே படுகிறது என்று தெரிந்துவிடும். இரண்டு ஃப்ளெக்ஸுக்கு நடுவே நிற்கிறவர் டிரைவரில் இளகியதையே எடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். விறைப்பான ஷாஃப்டோடு மல்லுக்கட்டிப் பின்னும் வேகமாக வீசப் பார்ப்பதில்தான் ஆட்டம் குலைகிறது.

45.5 இன்ச் டிரைவரை ஒரு இன்ச் வெட்டினால் நேராகப் போகும் என்பது நல்ல யோசனைதான், ஆனால் வெட்டியதோடு விட்டுவிடுகிறார்கள். வீசும்போது தலை எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்பதைச் சொல்லும் ஸ்விங் வெயிட், அரை இன்ச்சுக்கு 3 புள்ளி வீதம் 6 புள்ளி இறங்கி, டி2 என்ற அளவு சி6 ஆகிவிடும். நீளம் குறைந்ததால் விறைப்பும் ஏறியிருக்கும். தலையில் 2 கிராமுக்கு ஒரு புள்ளி, ஆக 12 கிராம் ஈய டேப் ஒட்டினால் ஸ்விங் வெயிட் திரும்பும், கூடிய தலை எடை விறைப்பையும் கொஞ்சம் இறக்கும்.

ஒரே அடாப்டர் பொருந்துகிறது என்று டிரைவர் ஷாஃப்டை 3 வுட் தலையில் மாட்டுவது இன்னொரு வழக்கம். தலை 10-15 கிராம் கனம், அதனால் அதே ஷாஃப்ட் அங்கே இளகி ஆடும். இழந்த விறைப்பை மீட்கத்தான் 3 வுட்டுக்கு நுனியை, அதாவது தலை சேரும் முனையை, வெட்டுகிறார்கள். எவ்வளவு என்பதை அந்த ஷாஃப்டின் அட்டவணையில் பாருங்கள். பொதுவாக டிரைவரில் சுழியம் என்றால் 3 வுட்டில் அரை முதல் ஒரு இன்ச், 5 வுட்டில் அதற்கு மேல் அரை இன்ச். முதலில் நுனி, கடைசியில் கிரிப் முனை, இந்த வரிசை மாறக் கூடாது. வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப்பைச் சுற்றிக் குறியிட்டு, தேய்த்து அறுக்கும் கட்-ஆஃப் வீலால் அறுக்க வேண்டும். ஸ்டீலுக்குப் பயன்படுத்தும் பைப் கட்டரை கிராஃபைட்டில் வைத்தால் நசுங்கி நார் நாராகப் பிரியும். பெயின்டை, தலையில் ஷாஃப்ட் நுழையும் குழலான ஹோசலுக்குள் போகும் ஆழத்துக்கு மட்டும் சுரண்டி, மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கவும். அதற்கு மேலே ஏறிச் சுரண்டிய இடத்தில்தான் பின்னால் ஷாஃப்ட் முறியும். தூசு நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் போடுங்கள். எபாக்ஸி ஒட்டி 24 மணி நேரம் விட்ட பிறகுதான் மொத்த நீளத்தை அளந்து மேல்முனையை வெட்ட வேண்டும். நுனியில் ஒரே குறுக்களவுள்ள பகுதி கொஞ்சம்தான் உண்டு. அதைத் தாண்டி வெட்டினால் ஷாஃப்ட் தடித்துப் போய் 0.335 இன்ச் துளைக்குள் நுழையாது. தயக்கமாக இருந்தால் கால் இன்ச் குறைவாகவே வெட்டுங்கள்.

ஹைபிரிட்

பையிலேயே மிக அலட்சியமாக வாங்கப்படுவது வுட்டுக்கும் அயர்னுக்கும் இடைப்பட்ட இந்தக் கிளப்தான். கடையில் நிற்கும் ஹைபிரிடில் பெரும்பாலும் 60-70 கிராம் கிராஃபைட் இருக்கும். வாங்குகிறவர் கையில் 105 கிராம் ஸ்டீல் அயர்ன். 5 அயர்னிலிருந்து ஹைபிரிடுக்கு மாறினால் திடீரென்று 40 கிராம் காணாமல் போகிறது. கை முந்திக்கொள்கிறது, முகம் மூடுகிறது, பந்து இடப்பக்கக் காட்டுக்குள். ‘ஹைபிரிட் என்றாலே ஹூக்’ என்று சொல்லப்படுவதில் பாதிக்கு மேல் இந்த எடை இடைவெளியின் வேலை. ஹைபிரிட் ஷாஃப்ட் அயர்ன் ஷாஃப்டைவிட 15 முதல் 25 கிராம் மட்டும் குறைவாக இருக்கட்டும். ஃப்ளெக்ஸில் அது வுட்டுக்கு உறவு இல்லை, அயர்னுக்கு உறவு. மேலே சொன்ன 91/78 ஆட்டக்காரரின் பையில் டிரைவர் 55 கிராம் ஆர், 3 வுட் 65 கிராம் ஆர் அரை இன்ச் நுனி வெட்டியது, ஆனால் ஹைபிரிட் 85 கிராம் எஸ்.

அயர்ன்

இங்கே இரண்டு வகை நுனி. 0.370 இன்ச் பேரலல் (ஒரே குறுக்களவுள்ள) நுனி எல்லா அயர்னுக்கும் ஒரே நீளத்தில் வரும், கிளப்புக்கு அரை இன்ச் வீதம் நுனியை வெட்டி விறைப்பை ஏற்றிக்கொண்டு போவார்கள். 0.355 டேப்பர் (கூம்பிய) நுனியில் ஒவ்வொரு கிளப்புக்கும் தனி ஷாஃப்ட், தொழிற்சாலையிலேயே விறைப்பு கணக்கிட்டு வரும், நுனியில் கை வைக்கவே கூடாது, மேல்முனை மட்டும்தான். செட்டைப் பிரித்து ஆர்டர் செய்கிறவர்கள் இதைக் கேட்காமல் வாங்கிவிட்டு, தலைக்குள் ஷாஃப்ட் லொடலொடவென்று ஆடுகிறது என்று நிற்பார்கள்.

டேப்பர் நுனியில் ஆருக்கும் எஸ்ஸுக்கும் நடுவே வேண்டும் என்றால் சாஃப்ட் ஸ்டெப். 6 அயர்ன் தலையில் 5 அயர்ன் ஷாஃப்டைப் பொருத்தி, மிச்சமாகும் அரை இன்ச்சை மேல்முனையில் வெட்டிவிடுவது. ஏறக்குறைய ஒரு ஃப்ளெக்ஸில் மூன்றில் ஒரு பங்கு இளகும். 4 முதல் பிட்ச்சிங் வெட்ஜ் வரையிலான செட்டுக்கு 3 அயர்ன் ஷாஃப்ட் ஒன்று தேவைப்படும் என்பதை ஆர்டரிலேயே சொல்லிவிட வேண்டும். எதிர்த்திசையில் செய்தால் ஹார்டு ஸ்டெப். நீள அயர்ன் உயரமே எழவில்லை, குட்டை அயர்ன் சரியாக இருக்கிறது என்பவர்கள் 4, 5 இரண்டை மட்டும் இளக்கினால் போதும். அங்கே சீரான 4 சிபிஎம் ஏற்றம் உடையும், ஆனால் தெரிந்தே உடைப்பது வேறு.

வெட்ஜ்

பிட்ச்சிங் வெட்ஜும் கேப் வெட்ஜும் முழு ஸ்விங்குக்கு, அதனால் அயர்ன் செட்டின் ஷாஃப்டே. 54, 58 டிகிரி வெட்ஜ்கள் பாதி, முக்கால் ஸ்விங்குக்கு, அவற்றில் அரைப் படி இளக்கமும் 5-10 கிராம் கூடுதலும் கைக்குச் செய்தி சொல்லும். கடையில் ‘வெட்ஜ் ஃப்ளெக்ஸ்’ என்று தருவது பெரும்பாலும் 130 கிராமை ஒட்டிய ஸ்டீல். டைனமிக் கோல்டு அயர்ன் வைத்திருப்பவருக்கு அது பொருந்தும். 95 கிராம் ரெகுலர் அயர்ன் வைத்திருப்பவர் அதை எடுத்தால் 35 கிராம் தாவல், வெட்ஜ் பின்தங்கிப் பந்துக்கு முன்னால் மண்ணைத் தோண்டும். ஹைபிரிடில் நடந்ததன் மறுபக்கம்.

புட்டரைப் பற்றி ஃப்ளெக்ஸ் கணக்கில் பேச ஒன்றுமில்லை.

சோதிக்கும்போது 7 அயர்னில் தொடங்குங்கள், பிறகு டிரைவர், பிறகு நடுவில் உள்ளவை. ஒரே தலை, ஒரே பந்து, ஷாஃப்ட் மட்டும் மாற வேண்டும். ஒவ்வொன்றிலும் 8-10 பந்து, அதில் மோசமான இரண்டைத் தள்ளிவிட்டு மிச்சம் எவ்வளவு அகலத்தில் சிதறுகின்றன என்று பாருங்கள். ஒரு பந்து 20 கெஜம் கூடப் போனதில் மயங்கி ஷாஃப்ட் வாங்குகிறவர்கள்தான் அதிகம். பயிற்சி ரேஞ்சில் தரும் பந்து தூரம் குறைவாகக் காட்டும், அதனால் ஷாஃப்டோடு ஷாஃப்டை ஒப்பிட மட்டும் அந்த எண் உதவும். முதல் ஷாஃப்டை முடிவில் இன்னொரு தரம் அடித்துப் பாருங்கள். எண்கள் இறங்கியிருந்தால் களைத்துவிட்டீர்கள், அன்றைய சோதனையில் பிற்பாதியை நம்ப வேண்டாம்.

எல்லாம் பொருத்திய பிறகு கிரிப் மாற்றினால் மறுபடி தராசில் வையுங்கள். 50 கிராம் கிரிப்புக்குப் பதில் 62 கிராம் மிட்சைஸ் போட்டால் ஸ்விங் வெயிட் 2-3 புள்ளி இறங்கும், தலை இருப்பதே கைக்குத் தெரியாமல் ஷாஃப்ட் விறைத்துவிட்டதாகத் தோன்றும். அப்போது வேண்டியது புது ஷாஃப்ட் இல்லை, தலையில் 4-6 கிராம் டேப்.