இருநூறு கஜத்தில் ஒரு வான்கோழி

கடந்த இரண்டு வசந்தத்திலும் வான்கோழி வேட்டைக்கு நண்பர் ஒருவரின் பண்ணைக்குத்தான் போனேன். வர்ஜீனியாவின் கிழக்குப் பக்கம், தோசைக்கல் மாதிரி சமமான நிலம். சோயா வயல், அதன் ஓரத்தில் பைன் தோப்பு. எந்த மரத்தில் பறவைகள் அடையும் என்பது வரை நண்பருக்கு அத்துப்படி. அவர் கைகாட்டிய இடத்தில் உட்கார்ந்ததைத் தவிர நான் எதுவும் செய்ததில்லை. போன இலையுதிர் காலத்தில் பண்ணையை விற்றுவிட்டார்.

சரி, மலைக்குப் போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினேன். ஜார்ஜ் வாஷிங்டன், ஜெபர்சன் இருவர் பெயரிலும் உள்ள தேசியக் காடுகள் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 18 லட்சம் ஏக்கர். வேட்டை உரிமமும் காட்டுக்கான அனுமதிச் சீட்டும் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் நுழையலாம். வேலி கிடையாது. வழி சொல்லவும் ஆள் கிடையாது.

இரண்டு வாரம் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஷெனாண்டோவா மலைத்தொடரில் ஒரு கிளை முகட்டைத் தேர்ந்தெடுத்தேன். எது என்று எழுதமாட்டேன். கஞ்சத்தனம்தான், வேறென்ன.

வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டு 66ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே போய், 81இல் தெற்கே திரும்பி ஸ்டான்டன் ஊரை அடைந்தேன். Staunton என்ற எழுத்தைப் பார்த்து ‘ஸ்டௌன்டன்’ என்று படித்தால் ஊர்க்காரர்கள் திருத்துவார்கள்; நடுவில் வரும் ‘யு’ அவர்களுக்குக் கண்ணில் படுவதே இல்லை. அங்கிருந்து 250ஆம் எண் சாலை மேற்கே வளைந்து வளைந்து மலை ஏறுகிறது. சுமார் 3,000 அடி உயரத்தில், முகட்டின் மேல், 1862இல் உள்நாட்டுப் போரின்போது தெற்கத்திப் படையினர் வெட்டிய பதுங்குகுழிகளின் தடம் இன்னும் இருக்கிறது. அந்த முகட்டை எட்டுவதற்கு வெகு முன்பே கைபேசியில் சிக்னல் போய்விட்டது. மலைக்கு அந்தப் பக்கம் மேற்கு வர்ஜீனியாவில் கிரீன் பேங்க் வானொலித் தொலைநோக்கி இருக்கிறது. அதற்குத் தொந்தரவு வரக்கூடாது என்று 1958இல் ஏறக்குறைய 13,000 சதுர மைல் பரப்பை வானொலி அமைதி மண்டலமாக அறிவித்தார்கள். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தேன். அந்த ஒரு காரியத்தையாவது ஒழுங்காகச் செய்தேன்.

மதியம் துப்பாக்கி இல்லாமல் மலையைச் சுற்றினேன். முதலில் கண்ணில் பட்டது கிளறல். வான்கோழி, நம்மூர்க் கோழி மாதிரியே சருகைப் பின்னால் தள்ளித் தள்ளி இரை தேடும். குவிந்த சருகு எந்தப் பக்கம் கிடக்கிறதோ, பறவை அதற்கு எதிர்ப்பக்கம் போயிருக்கிறது என்று கணக்கு. கிளறிய இடத்தில் ஓக் கொட்டையின் ஓடுகள். ஒரு காலத்தில் இந்த மலைகளில் செஸ்ட்நட் மரங்கள்தான் காட்டுக்கே சோறு போட்டன. 1904இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோய் அரை நூற்றாண்டுக்குள் அவற்றை முடித்துவிட்டது. இப்போது ஓக்தான் கதி. கொஞ்சம் தள்ளி எச்சம் கிடந்தது. பெட்டையின் எச்சம் சுருண்டு குவியலாக இருக்கும். சேவலுடையது நீளமாக, நுனியில் வளைந்து தூண்டில் முள் மாதிரி இருக்கும். நான் பார்த்தது தூண்டில் முள். நாற்பது தாண்டிய மனிதன் ஒரு பறவையின் எச்சத்தைக் குனிந்து பார்த்து இவ்வளவு மகிழ்வது வீட்டில் யாருக்கும் புரியாது.

வேட்டை என்றதும் நம்மவர்கள் முகம் சுளிப்பார்கள். ஊரில் அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வளர்ந்தவனுக்கு வேட்டை என்றாலே குற்றம். ஆனால் இங்கே கதை வேறு மாதிரி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் காட்டு வான்கோழி அடியோடு இல்லாமல் போயிருந்தது. 1937இல் வந்த சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி. அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குப் போகிறது. மிஞ்சியிருந்த பறவைகளின் மேல் பெரிய வலையை வெடிவைத்துப் பாயவிட்டுப் பிடித்து, காலியான காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். நான் கிளறலைப் பார்த்த மலையில் இன்று பறவை இருக்கிறது என்றால் அந்தக் காசுக்கும் அதில் பங்கு உண்டு. அம்மாவிடம் இதைச் சொன்னால் ஒத்துக்கொள்வாரா? மாட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் மேட்டில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வான்கோழிக்கு இரவில் கண் சரியாகத் தெரியாது. இருட்டுவதற்குள் மரமேறி அடைந்துவிடும். எங்கோ கீழே இறக்கைகள் கிளையில் அடித்துக்கொள்ளும் சத்தம். பிறகு ஒரே ஒரு முறை, தொண்டையில் தண்ணீரை வைத்துக் கொப்பளிப்பது போன்ற அந்தக் குரல். இடம் தெரிந்துவிட்டது என்று காருக்குத் திரும்பி, பின்சீட்டில் சுருண்டு படுத்தேன். தூக்கமாவது ஒன்றாவது.

காலை நாலரைக்கு நடக்கத் தொடங்கினேன். சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்னால்தான் வேட்டை நேரம் தொடங்கும், ஆனால் அதற்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அன்று சத்தமில்லாமல் நடப்பது நடக்காத காரியம். காய்ந்த ஓக் சருகு அடிக்கு அடி அப்பளமாக நொறுங்கியது. மனைவி கட்டிக்கொடுத்த புளிசாதம் காரிலேயே இருந்தது, மறந்து இல்லை. அந்தப் பை சிவப்பு. சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம். காட்டில் இந்த மூன்று நிறத்தில் எதையும் எடுத்துப்போகக்கூடாது, இன்னொரு வேட்டைக்காரர் தப்பாக நினைத்துவிடுவார் என்பது பயிற்சி வகுப்பில் தலையில் குட்டிச் சொன்ன பாடம்.

என் தோளைவிட அகலமான ஒரு ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். வெளுக்கத் தொடங்கியபோது ஓர் ஆந்தை கத்தியது. அது முடிப்பதற்குள் சேவல் பதில் கொடுத்தது. நேர் எதிரே. இருநூறு கஜம் இருக்கும். வரைபடத்திலும் அளந்து பார்த்தேன், காது சொன்னதும் அதுவும் ஒன்றுதான்.

பெட்டை மாதிரி கூப்பிடுவதற்குப் பலவிதக் கருவிகள் உண்டு. என்னுடையது உள்ளங்கையளவு வட்டச் சிலேட்டும் ஒரு மரக்குச்சியும். ஒன்றாம் வகுப்பில் யாராவது குச்சியைச் செங்குத்தாகப் பிடித்து இழுத்தால் பல் கூசுமே, அதே கிறீச்சைக் கொஞ்சம் பணிய வைத்தால் பெட்டையின் குரல். உப்புத்தாளால் சிலேட்டைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, குச்சியைச் சாய்த்துப் பிடித்துச் சின்னச் சின்ன வட்டமாக இழுத்தேன். க்யோக், க்யோக், க்யோக். எதிரே காடே அதிர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் அது தரையிறங்கும் சத்தம் கேட்டது. துப்பாக்கியை முழங்காலில் தாங்கிக் காத்திருந்தேன். கூப்பிட்டால் பதில் வந்தது. ஆள் வரவில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம், நாற்பது நிமிடம். கூவும், கொஞ்சம் இடப்பக்கம் நகரும், கூவும், வலப்பக்கம் நகரும். உண்மையில் நாம் கேட்பதே தலைகீழ் நியாயம். சேவல் நின்ற இடத்தில் நின்று கூவும், பெட்டைதான் தேடிப் போகும். அதுதான் அவர்கள் வழக்கம். ஆனாலும் பண்ணையில் இந்த நேரத்துக்கு ஓடி வந்திருக்கும்.

பொறுமை போய் மறுபடி வரைபடத்தை எடுத்தேன். இந்த முறை சமஉயரக் கோடுகளைப் பார்த்தேன். இரண்டு வாரம் மேசைமேல் பார்த்துக்கொண்டிருந்த அதே கோடுகள்தான். எனக்கும் சேவலுக்கும் நடுவில் அவை சீப்புப் பல் மாதிரி நெருங்கிக் கிடந்தன, கீழ் நோக்கி ஒரு தடவை, மேல் நோக்கி ஒரு தடவை. நடுவில் ஒரு நீலக் கோடு. நான் உட்கார்ந்திருந்தது ஒரு மேடு. அது நின்றது அடுத்த மேடு. இடையில் ஆழமான ஓடைப் பள்ளம். நினைத்தால் பறந்து வரலாம், பத்து வினாடி வேலை. ஆனால் ஒரு பெட்டைக்காக அந்தப் பள்ளத்தைத் தாண்ட அதற்கு மனம் இல்லை.

இறங்கினேன். மலை லாரல் புதர் இடுப்பளவு, சில இடங்களில் தலையளவு; கிளைகள் பின்னிக்கொண்டு துப்பாக்கியைப் பிடித்துப் பிடித்து இழுத்தன. ஓடையில் ஒரு கால் முழங்கால் வரை போனது. எதிர்ச் சரிவில் கையையும் ஊன்றி ஏறினேன். இருநூறு கஜத்துக்கு ஒரு மணி ஐந்து நிமிடம்.

மேலே சேவல் இல்லை. ஆனால் அது ஏன் அங்கேயே நின்றது என்று தெரிந்தது. எப்போதோ மரம் வெட்டி இழுத்த பழைய வண்டித்தடம் ஒன்று முகட்டை ஒட்டிச் சமமாக ஓடியது, புல் முளைத்து, வெயில் விழுந்து. நடுவில் புழுதியில் கால்தடம். அதற்கு இரு பக்கமும் குச்சியால் கீறியது போல இணைகோடுகள். தோகையை விரித்து, இறக்கை நுனியைத் தரையில் இழுத்தபடி நடந்த தடம். மயிலைப் பார்த்து ஆடியதாக நம் ஊர் கேலி செய்யும் அந்த ஆட்டத்துக்கு இங்கே தனி மேடையே இருந்தது. அதைத்தான் அது விட்டு வரவில்லை.

அங்கேயே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். காலுறையைப் பிழிந்தேன், கணுக்காலில் இருந்து இரண்டு உண்ணிகளைக் கிள்ளி எடுத்தேன். பத்தே முக்கால் இருக்கும், ஒரு சத்தம். காதால் கேட்டேன் என்பதைவிட நெஞ்சில் உணர்ந்தேன் என்று சொல்லலாம்; தூரத்தில் லாரி எஞ்சின் ஓடுவது போல ‘ம்ம்ம்’ என்று. விரித்த சேவல் எழுப்பும் அந்த முழக்கம் பக்கத்தில் இருந்தால்தான் கேட்கும். எனக்குப் பின்னால். திரும்ப முடியாது. மூச்சை அடக்கினேன். சருகில் ஒரு அடி, நிறுத்தம், இன்னொரு அடி. கண்ணை மட்டும் ஓரத்துக்குத் திருப்பினேன். அவ்வளவுதான், சத்தியமாக அவ்வளவுதான். ‘புட்!’ என்று ஒரு வெட்டுச் சத்தம், பிறகு சருகில் ஓட்டம். திரும்பியபோது கறுப்பாக ஏதோ ஒன்று சரிவில் மறைந்தது.

பன்னிரண்டு மணிக்குத் தோட்டாக்களை வெளியே எடுத்தேன். சீசனின் முதல் சில வாரங்களில் இங்கே நண்பகலோடு வேட்டை முடிந்துவிட வேண்டும். அடைகாக்கும் பெட்டைகளைத் தொந்தரவு செய்யாமல் இருக்க. வண்டித்தடத்திலேயே நடந்தேன். அது வளைந்து வளைந்து என் காருக்கு நூறு அடி தள்ளி வந்து சேர்ந்தது. காலையில் இதன் வழியாகவே ஏறியிருக்கலாம்.

சிவப்புப் பையை எடுத்து, டிக்கியை அடித்துச் சாத்தினேன்.

மேலே முகட்டில் இருந்து கொப்பளித்தது.

மணி 12:40. புளிசாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, டிக்கியைத் தூக்கி இன்னொரு முறை சாத்தினேன். அதற்கும் பதில் சொன்னது.