நியூஸ்பிரிண்டுக்கு ஏற்ற நிப், தூரிகை, மை

நாளிதழ் கார்ட்டூனுக்குப் பேனா தேர்ந்தெடுக்கும்போது மேசையில் இருக்கும் வழவழப்பான அட்டையை மறந்துவிடுங்கள். படம் போய்ச்சேரும் இடம் நியூஸ்பிரிண்ட். அது மையை உறிஞ்சும் தாள். அதில் கோடு தடிக்கும், நெருக்கமான கோடுகளுக்கு நடுவே உள்ள வெள்ளை அடைபடும். எந்தக் கருவி சரி என்பதை முடிவுசெய்வது இந்த ஒரு விஷயம்தான்.

முதலில் அளவு. அச்சில் வருவதைப்போல ஒன்றரை மடங்கு பெரிதாக வரைவது நல்லது. 16 செ.மீ. அகலப் படத்தை 24 செ.மீ. அகலத்தில் வரைந்தால், 0.3 மி.மீ. கோடு அச்சில் 0.2 மி.மீ. ஆகும். இரண்டு மடங்கில் வரைந்தால் அதே கோடு 0.15 மி.மீ.க்கு இறங்கி, அங்கங்கே அறுந்துபோகும். நிழலுக்குப் போடும் இணைகோடுகளுக்கிடையே குறைந்தது அரை மில்லிமீட்டராவது விடுங்கள். அதற்குக் கீழே போனால் நிழல் கறுப்புத் திட்டாகிவிடும்.

நிப்பில் ஜில்லாட் 303 நன்றாக வளையும்; அழுத்தத்துக்கேற்பக் கோடு தடித்து மெலியும். ஹன்ட் 102 அதைவிட விறைப்பு. அதன் அடிப்பகுதி குழல் போலிருப்பதால் தனிப் பிடி தேவை. புது நிப்பில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய்ப்பூச்சு இருக்கும். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்காவிட்டால் மை முத்து முத்தாகத் திரண்டு நிற்கும், பிளவுக்குள் இறங்காது. தீயில் காட்டும் பழக்கம் வேண்டாம், எஃகின் விறைப்பு போய்விடும். நிப்பின் நடுத்துளை பாதி நனையும்வரை முக்கி, புட்டியின் விளிம்பில் ஒருமுறை தொட்டு எடுங்கள். கோட்டை எப்போதும் உங்களை நோக்கி இழுங்கள். எதிர்த்திசையில் தள்ளினால் முனை தாளின் நாரில் மாட்டி மை தெறிக்கும். அழுத்தாதபோதும் கோடு தடித்தே விழுந்தால் நிப் தேய்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள்.

பெரிய கறுப்புப் பரப்புக்கும் உயிருள்ள வளைவுக்கும் தூரிகைதான். கோலின்ஸ்கி சேபிள் எனப்படும் விலங்கு முடியில் செய்த 2 அல்லது 3ஆம் எண் உருண்டைத் தூரிகை போதும். நீரில் நனைத்து ஒரு உதறு உதறினால் முடி ஒரே முனையாகக் கூட வேண்டும், கூடாததை வாங்காதீர்கள். முடியின் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் மையில் முக்கக் கூடாது. இந்தியன் இங்க் என்பது கரித்தூளும் அரக்கும் கலந்தது. உலோக வளையத்துக்குள் ஏறிக் காய்ந்தால் முடியை உள்ளிருந்தே விரித்துவிடும், பிறகு முடி ஒரே முனையாகச் சேராது. அதே காரணத்தால் இந்த மையை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றவும் கூடாது. தூரிகையைச் சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு கழுவுங்கள். வெந்நீர் உள்ளே உள்ள பசையை இளக்கும்.

நிப்புக்கு வழவழப்பான பிரிஸ்டல் அட்டை, தூரிகைக்குச் சற்றுச் சொரசொரப்பானது. ரப்பரால் அழுத்தித் தேய்த்த இடத்தில் நார் கிளம்பி மை பரவும். ஆகவே பென்சில் கோட்டை வெளிர்நீலத்தில் மெல்லப் போடுங்கள், அழிக்கவே வேண்டியதில்லை. வண்ணத்தில் ஸ்கேன் செய்து நீலச் சேனலை (படத்தின் நீல ஒளி அடுக்கை) மட்டும் எடுத்தால் அது தாளின் வெள்ளையோடு கலந்துவிடும்.

சாம்பல் நிறம் வேண்டுமென்றால் பலர் மையில் நீர் கலந்து பூசுவார்கள். நாளிதழில் அது, சாம்பலைச் சிறு புள்ளிகளாகப் பிரிக்கும் புள்ளித்திரை வழியே அச்சாகி மங்கும். சொரசொரப்பான அட்டையில் கறுப்பு மெழுகுப் பென்சிலைத் தேய்ப்பது எவ்வளவோ மேல். தாளின் மேடுகளில் மட்டும் கறுப்பு ஒட்டுவதால் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு துகளும் முழுக்கறுப்பு என்பதால் திரையே தேவைப்படாது. பழைய அரசியல் கார்ட்டூன்களின் அந்தக் கனத்த நிழல் இப்படித்தான் வந்தது. மெழுகின்மேல் மை ஒட்டாது என்பதால் மைவேலையை முன்பே முடித்துவிட வேண்டும்.

திருத்தத்துக்கு வெள்ளை குவாஷ், அதாவது அடியிலுள்ளதை மறைக்கும் நீர்வண்ணம். மை முழுதாகக் காய்ந்தபின் மெல்லிய பூச்சாகப் போடுங்கள். தடித்தால் வெடித்து உதிரும்.

ஸ்கேன் 600 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 600 புள்ளி) குறையக் கூடாது. மூன்றில் இரண்டாகச் சுருக்கும்போது அதுவே 900 ஆகிவிடும். டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் கோட்டின் ஓரங்களில் சாம்பல் அழுக்கைச் சேர்க்கும், கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது அது பிசிறாக நிற்கும்.