ஒன்றரை ஷிப்ட் கணக்கும் உபரி மதிப்பும்: மார்க்ஸ் தாளுக்கு நான் படித்த விதம்

எம்.ஏ. பொருளியலில் எனக்குத் தண்ணி காட்டியது பொருளியல் சிந்தனை வரலாறு. உபரி மதிப்புக்கு, அதாவது தொழிலாளி தன் கூலிக்கு மேல் உழைத்து முதலாளிக்குச் சேர்க்கும் மதிப்புக்கு, வரையறையை மனப்பாடம் செய்து போனேன். அவர்கள் கணக்காகக் கேட்டிருந்தார்கள். அரியர் விழுந்தது.

அடுத்த முறை அம்மாவின் நோட்டிலிருந்து தொடங்கினேன். அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் டெய்லர், பீஸ் ரேட். கட்டு முடிய முடிய எண்ணிக்கையைக் குறித்து வைத்து, சனிக்கிழமை சம்பளத்தோடு ஒத்துப் பார்ப்பார். 'மூலதனம்' முதல் பாகத்தில் துண்டுக்கூலி பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. பீஸுக்குக் கூலி என்றால் மேற்பார்வைக்கு ஆள் அதிகம் வேண்டாம், கூலியே ஆளை விரட்டும் என்கிறார் மார்க்ஸ். அம்மா பத்தே நிமிடத்தில் சாப்பிட்டு எழுவது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது.

அதனால் முதல் அத்தியாயத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். நூல் வெளிவந்த 1867-லேயே, நண்பர் கூகல்மனின் மனைவி எளிதாகப் படிக்கக்கூடியவை என்று வேலைநாள், இயந்திரங்கள் போன்ற பகுதிகளைத்தான் மார்க்ஸ் கடிதத்தில் குறிப்பிட்டார்.

இனி கணக்கு. 8 மணி நேர வேலையில் 4 மணி நேரம் கூலிக்கு ஈடாகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 4 உபரி. உபரியைக் கூலியால் வகுத்தால் உபரி மதிப்பு வீதம் 100%. நம் ஊர் ஒன்றரை ஷிப்ட், 12 மணி நேரம். கூலி ஏறாவிட்டால் கூலி 4, உபரி 8, அதாவது 200%. ஒன்றரைக் கூலி கொடுத்தால் கூலி 6, உபரி 6: வீதம் அதே 100%, உபரி மட்டும் 4-லிருந்து 6 ஆகிறது. பலர் சறுக்குவது இங்கேதான். 1948 தொழிற்சாலைச் சட்டம் சொன்னபடி கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி போட்டால் கூலி 8, உபரி 4, வீதம் 50%. கூடுதலாக நின்ற நான்கு மணி நேரத்தில் முதலாளிக்கு உபரியே இல்லை! இதை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "ஓட்டிக்கு ரெட்டைக் கூலின்னு சட்டமே இருக்குதா கண்ணு?" என்று கேட்டார். இருபது வருடமாக ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர்.

இலாப வீதத்தை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் நூல், மிஷின் செலவும் வகுக்கும் எண்ணில் சேரும்.

கட்டுரைக் கேள்விக்கு உள்ளூர் உதாரணம் கைகொடுக்கும். 1984-ல் பஞ்சப்படிக்காகத் திருப்பூரில் 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்தை நான் எழுதினேன். எதிர்வாதமும் கட்டாயம் வேண்டும்: 1894-ல் மூன்றாம் பாகம் வந்தபின், அது முதல் பாகத்தோடு முரண்படுகிறது என்று ஆஸ்திரியப் பொருளியலாளர் போம்-பாவெர்க் 1896-ல் எழுதிய விமர்சனம்.

அப்புறம், சோமனூர் விசைத்தறிக்காரரை வைத்து ஒரு விடை எழுதிப் பாருங்கள். தறி அவருடையது, பாவு நூல் வியாபாரியுடையது. மீட்டருக்கு இவ்வளவு என்று அவரும் கூலி வாங்குகிறார், தறி ஓட்டும் ஆளுக்கும் கூலி கொடுக்கிறார். அவர் உழைப்பின் பக்கமா, மூலதனத்தின் பக்கமா? எனக்கு நான்கு பக்கம் பிடித்தது.