ஏற்காட்டுக்கு வழி சொன்ன வகுப்பு

நம் பழைய மாணவர் மலருக்கு விளையாட்டு விழா, விடுதிச் சாப்பாடு பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் ஒன்பதாம் வகுப்பில் நடந்த ப்ரிபொசிஷன் பாடத்தை, அதாவது இடத்தையும் திசையையும் காட்டும் 'இன்', 'ஆன்', 'டு' போன்ற ஆங்கிலச் சொற்களின் பாடத்தைப் பற்றி எழுதுகிறேன்.

புத்தகத்தில் ஒரு பெட்டியும் ஒரு பந்தும் இருக்கும். பந்து உள்ளே இருந்தால் 'இன்', மேலே இருந்தால் 'ஆன்', அடியில் இருந்தால் 'அண்டர்'. எங்கள் ஆங்கில வாத்தியாருக்கு அந்தப் படத்தைக் கண்டாலே ஆகாது. "பந்து எங்கடா நகருது?" என்பார். கிடக்கிற இடத்தைச் சொல்ல 'இன்' போதும், நகர்ந்து உள்ளே போனால்தான் 'இன்டு'. இதைப் புரிய வைக்கக் கரும்பலகையில் ஏற்காட்டு மலைப்பாதையையே வரைந்துவிட்டார்.

சேலம் பஸ் ஸ்டாண்டு, அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம், அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவுகள், கடைசியில் ஏரி. ஒருவன் எழுந்து வாயாலேயே பஸ் ஓட்ட வேண்டும். ஸ்டாண்டை விட்டுக் கிளம்பினால் 'அவுட் ஆஃப்'. அஸ்தம்பட்டியில் நிற்காமல் தாண்டினால் 'பாஸ்ட்'. மலையில் 'அப்', வளைவில் 'ரவுண்ட்'. காபித் தோட்டத்துக்குள் புகுந்து போனால் 'த்ரூ', ஏரிக்கரையை ஒட்டியே போனால் 'அலாங்', படகில் அக்கரை போனால் 'அக்ராஸ்'.

படகு என்றதும் ஒரு கிளைக்கதை வந்தது. பஸ்ஸில் ஏறினால் 'கெட் ஆன்', காரில் ஏறினால் 'கெட் இன்டு'. ஏன்? உள்ளே நிமிர்ந்து நடக்க முடிகிற வண்டி என்றால் ஆன், குனிந்து போய் உட்கார வேண்டியது என்றால் இன்டு. கப்பலுக்கு ஆன், ஏற்காட்டுத் துடுப்புப் படகுக்கு இன்டு. "அப்ப சைக்கிளுக்குங்க சார்?" என்று கேட்டான் ஒருவன். மேலே ஏறி உட்காருவதால் அதற்கும் குதிரைக்கும் ஆன்தான் என்றார்.

அடுத்த நாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். நாங்கள் வழி சொல்ல வேண்டும், சொன்னதை மட்டும்தான் செய்வார். "வாக் டுவர்ட்ஸ் த டோர்" என்றான் முதல் பெஞ்சுக்காரன். கதவுப் பக்கம் திரும்பி இரண்டடி வைத்து நின்றுவிட்டார்.

"என்னங்க சார், நின்னுட்டீங்க?"

"அந்தப் பக்கமா நடக்கத்தானே சொன்ன கண்ணு, போய்ச் சேரச் சொல்லலையே."

அடுத்தவன் 'டு த டோர்' என்றான். மூக்கு இடிக்கிற தூரம் வரை போய் நின்றார். 'த்ரூ த டோர்' என்ற பிறகுதான் வெளியே போனார். திரும்பக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தலைமையாசிரியர் ரவுண்ட்ஸ் வரும் நேரத்தில், மனிதர் கண்ணை மூடியபடி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். 'கம் இன்டு த கிளாஸ்' என்று மொத்த வகுப்பும் கத்தியது.

ப்ரிபொசிஷன் எங்கே வேண்டாம் என்பதில்தான் அவர் கறார். 'கோ டு ஹோம்', 'என்டர்ட் இன்டு த ரூம்', 'ரீச்ட் டு சேலம்', மூன்றிலும் நடுவில் நிற்பதைச் சிவப்பு மையால் வெட்டுவார். என்னைக் கேட்டால் இலக்கணப் புத்தகங்கள் இதைத்தான் முதல் பக்கத்தில் போட வேண்டும்.

போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் 'ரீச்ட் டு துபாய்' என்று போட்டான். அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் மூன்று நாடுகளிலிருந்து அந்த 'டு'வை வெட்டிவிட்டார்கள்.