ஹெரால்டுக்குப் புது பெட்ரோல் லைன் போட்ட கதை

தண்டையார்பேட்டையில் பெட்ரோல் வாடை அடித்தால் யாரும் வண்டியைச் சந்தேகப்பட மாட்டார்கள். காற்று மணலிப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டிலும் கொஞ்ச காலம் அப்படித்தான் ஓடியது. ஆனால் ரிஃபைனரி வாடை டிக்கியைத் திறந்ததும் குப்பென்று மூக்கில் ஏறாது.

வண்டி, 1969 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3. அப்பா வாங்கியது. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் செய்தது என்பதால் நம்ம ஊர் வண்டி என்று கொஞ்சம் கூடுதல் பாசம். இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் இரண்டு கதவோடு வந்த காருக்கு நாலு கதவு வைத்தது இங்கேதான். 948 சிசி என்ஜின். பெட்ரோலை இழுக்க கரண்ட் பம்ப் எல்லாம் கிடையாது. என்ஜின் பக்கவாட்டில் கேம் ஷாஃப்ட் தட்டத் தட்ட வேலை செய்யும் மெக்கானிக்கல் பம்ப். டேங்க் பின்னால் டிக்கிக்குள். இரண்டுக்கும் நடுவே சேசிஸ் ஓரமாக ஒரு மெல்லிய இரும்புக் குழாய், அதன் இரண்டு முனையிலும் விரல் நீளத்துக்கு ரப்பர் ஹோஸ். நான் மாற்றியது இவ்வளவுதான்.

காலையில் ஸ்டார்ட் ஆக ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தது. பேசின் பிரிட்ஜ் ஏறும்போது வண்டி திணறும், இறங்கும்போது ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஒழுகாத லைனை யார் சந்தேகப்படுவார்கள்? கார்புரேட்டர் என்றார் ஒருவர், காயில் என்றார் இன்னொருவர். அயனாவரத்தில் இருக்கும் எங்கள் மெக்கானிக் அண்ணன்தான் பம்புக்கு முன்னால் ஒரு சின்ன கண்ணாடி டியூபைச் சொருகி, என்ஜினை ஓடவிட்டு, “இங்க பாரு தம்பி” என்றார். பெட்ரோலோடு சேர்ந்து குமிழ் குமிழாக ஓடிக்கொண்டிருந்தது. “பெட்ரோலுக்குப் பதிலா காத்தக் குடிக்குது உன் வண்டி.”

விஷயம் இதுதான். டேங்கிலிருந்து பம்ப் வரை லைன் உறிஞ்சும் பக்கம். அதில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால், ஓடும்போது பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். நிறுத்திவைத்தால் அதே ஓட்டை வழியாகக் காற்று புகுந்து, லைனில் நிற்க வேண்டிய பெட்ரோல் டேங்குக்கே திரும்பிவிடும். காலையில் செல்ஃப் அடித்து அடித்து நாம் செய்வது காலிக் குழாயை நிரப்புகிற வேலை. சரி, அப்போது டிக்கியில் வாடை? அது டேங்க் பக்கத்து ரப்பர் ஹோஸ். வெடித்துப்போய், கையால் வளைத்தால் மேலெல்லாம் கீறல் தெரிந்தது.

வேலையை வீட்டு வாசலிலேயே செய்ய முடிவு செய்தேன். எங்கள் சந்தில் அதற்கு முதலில் பேச வேண்டியது இஸ்திரி வண்டி அக்காவிடம். கரி கனன்றுகொண்டிருக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் டேங்கைக் காலி செய்ய முடியுமா? பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து போகும். “காலைல சீக்கிரமா முடிச்சுக்கோ கண்ணு, நான் பத்து மணிக்கு வந்துக்குறேன்” என்று அக்கா விட்டுக்கொடுத்தார். பேட்டரி வயரைக் கழற்றி, ஒரு வாளி மணலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கைப்பம்பு வைத்து டேங்கைக் காலி செய்தேன். வாயால் உறிஞ்சுகிற பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

பழைய குழாயை உடைக்காமல் முழுசாகக் கழற்றுவதில்தான் பாதி வேலை. அதுதான் புதுசுக்கு அச்சு. எந்த இடத்தில் எவ்வளவு வளைவு என்று அதைப் பார்த்துத்தான் வளைக்க வேண்டும். கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தால், வெளியே தெரிந்த இடமெல்லாம் ஓரளவு நன்றாகவே இருந்தது. கிளிப் கவ்விப் பிடித்திருந்த இடங்களில்தான் பொத்தலாக அரித்திருந்தது. கடல் காற்றின் உப்பும் மழைத்தண்ணீரும் கிளிப்புக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. காயவே காயாது.

புதுக் குழாய் எதில் என்பதற்கு ஒரு பட்டிமன்றமே நடந்தது. மெக்கானிக் அண்ணன், பிரேக் லைனுக்குப் போடும் இரும்புக் குழாயான பண்டி டியூப் என்றார். காசிமேட்டில் விசைப்படகு என்ஜின் பார்க்கும் ஒருவர், “போட்ல எல்லாம் செம்புதான் சார், துருவே புடிக்காது” என்றார். இருவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. இரும்பு துருப்பிடிக்கும். சுத்தச் செம்பு அதிர்வில் நாளாக ஆக இறுகி விரிசல் விடும். நான் செம்போடு பத்தில் ஒரு பங்கு நிக்கல் கலந்த குழாயைத் தேடிப் பிடித்தேன். துருப்பிடிக்காது, கையாலேயே வளையும், செம்பு மாதிரி சீக்கிரம் வெடிக்காது. காசிமேட்டுக்காரரே முனைகளில் ஹோஸ் வழுக்கிக் கழன்றுவிடாமல் இருக்கச் சின்னதாகப் புடைப்பு எடுத்துக் கொடுத்தார். ரப்பர் வைத்த கிளிப் போட்டு, சைலன்சர் சூடு படாத ஓரமாகக் கட்டினேன்.

ஆனால் இவ்வளவு விவாதம் குழாய்க்குத் தேவையே இல்லை என்பது என் கட்சி. மூன்றில் எதைப் போட்டாலும் பல வருஷம் வரும். தீப்பிடிக்க வைப்பது அந்த விரல் நீள ரப்பர்தான், அதைத்தான் எல்லோரும் கடைசியில் பக்கத்துக் கடையில் கிடைத்ததை வாங்கிப் போடுகிறார்கள். முன்பு அது செல்லுபடியானது. 2022-இல் நாடு முழுக்கப் பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால் வந்தது, 2023 பிப்ரவரியில் இருபது சதவீதப் பெட்ரோல் விற்பனை தொடங்கியது. சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மட்டத்துக்குக் கோடு போட்டு, மேலே பெட்ரோலை ஊற்றிக் குலுக்கி வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். தெளிந்த பிறகு கீழ் மட்டம் கோட்டைத் தாண்டி நிற்கும். என் பாட்டிலில் நன்றாகவே தாண்டியது. இந்த எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து ஊதவைக்கும், காய்ந்தால் வெடிக்கவைக்கும்.

செம்புதாஸ் தெருவில் ஹோஸ் கேட்டபோது கடைக்காரர் இரண்டு ரோலைக் காட்டி, “ரெண்டும் ஒண்ணுதான் சார், இது கொஞ்சம் காஸ்ட்லி” என்றார். விலை அதிகமானதன் மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்ற தரக் குறியீடு அச்சடித்திருந்தது. அதன் உள்பக்கம் எத்தனாலைத் தாங்கும் ஃப்ளூரோ ரப்பர் பூச்சு. இரண்டிலும் ஒரு துண்டு வாங்கி, பங்க் பெட்ரோலில் தனித்தனிப் பாட்டிலில் போட்டு மொட்டைமாடியில் நிழலில் வைத்தேன். மலிவானது கொழகொழவென்று பருத்து, பெட்ரோலே டீ டிக்காஷன் நிறத்துக்கு மாறியிருந்தது. மற்றது போட்டபடியே இருந்தது. அப்புறம் பேச்சே இல்லை. கிளிப்பும், பல் வைத்துத் திருகும் சாதாரண வகை ஹோஸைக் கடித்துவிடும் என்பதால், பட்டையாகச் சுற்றி போல்ட்டில் இறுகும் வகை.

மாட்டுவதற்கு முன்னால் குழாயின் ஒரு முனையை அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தோம். பம்பின் அடியில் கையால் அசைக்கும் லீவர் ஒன்று உண்டு. அதை அசைத்து அசைத்துக் கார்புரேட்டர் வரை பெட்ரோலைக் கொண்டுவந்த பிறகுதான் சாவியைத் திருப்பினேன். உடனே பிடித்தது.

பம்புக்கு முன்னால் வைத்த ஃபில்டர் மட்டும் சீக்கிரமே பழுப்பேறிவிட்டது. டேங்கைக் கழுவித்தான் மாட்டினோம், இருந்தும் சுவரில் பல வருஷமாகப் படிந்த பிசினை எத்தனால் கரைத்துக்கொண்டு வருகிறது. கைவசம் இரண்டு ஃபில்டர் டேஷ்போர்டில் கிடக்கின்றன. பம்புக்குள் இருக்கும் டயஃப்ரமும் ரப்பர்தான் என்பதால் அதற்கும் எத்தனால் தாங்கும் கிட் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் அயனாவரம் போக வேண்டும்.